வாசற்படியில் ஒரு வாயில்லா ஜீவன்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்த வேளை. பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் ஹவுளின் ஓரத்தில் எனக்காகக் காத்து நின்றான். நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தான். ஊருக்கு வெளியே, புளியமரங்களுக்கு நடுவே, எட்டுப் பத்து ஆடுகளை வைத்துப் பிழைக்கிற குடும்பம். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றான்.

தொப்பூர்க் கணவாயில் லாரி அடித்துப் போட்ட ஒரு நாயை அவனும் அவன் மாமுவும் சாக்கில் சுற்றி எடுத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் பின்னங்கால் ஒன்று இனி ஊன்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். அவன் தாயாரோ, "இது வாசலில் இருக்கிற வரை ரஹ்மத்துடைய மலக்குகள் இந்த வீட்டுக்கு வரமாட்டார்கள், ஹஜ்ரத்திடம் கேட்டு வா" என்று அனுப்பி வைத்திருக்கிறார்.

நானும் யோசிக்கவில்லை, எதற்காக, எங்கே வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. "நாய் வளர்ப்பது கூடாது தம்பி, கொண்டு போய் விட்டுவிடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். பையன் எதிர்த்துப் பேசவில்லை. "எங்கே ஹஜ்ரத் விடறது?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எடுத்த இடத்திலேயே விடு என்றால் அது லாரிகள் இறங்கி வருகிற கணவாய். வேறு ஊர்த் தெருவில் விடு என்றால், மூன்று காலில் நொண்டுகிற அந்நிய நாயை அந்தத் தெரு நாய்கள் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததல்ல. "நாளை வா" என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு கிதாபுகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம்.

முதற்கண் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இக்காலத்தில் நம்மவரில் சிலர், நாய் வளர்ப்பதற்கு மார்க்கத்தில் தடையே கிடையாது, எல்லாம் பழைய ஆலிம்கள் கட்டிய கட்டுப்பாடு என்று பேசத் தலைப்பட்டிருக்கிறார்கள். அது சரியன்று. வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் அல்லாமல் நாயை வைத்துக் கொள்பவனுடைய நன்மையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கீராத் குறைகிறது என்றும், இரண்டு கீராத் குறைகிறது என்றும் அண்ணலெம்பெருமானார் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீதுகள் புகாரியிலும் முஸ்லிமிலும் ஸஹீஹாக வந்துள்ளன. அபூஹுரைரா (ரலி), இப்னு உமர் (ரலி) முதலியோர் அறிவிக்கிறார்கள். பயிர்க் காவல் என்ற சொல்லை அபூஹுரைரா (ரலி) சேர்த்துச் சொன்னபோது, அவர்களுக்கு நிலம் இருந்தது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் குறிப்பிட்டார்கள். குறை சொல்வதற்காக அல்ல. ஒரு தொழிலில் இருப்பவன் அதன் சட்டத்தை மற்றவரினும் கருத்தாய் நினைவில் வைத்திருப்பான் என்ற பொருளில்தான் என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். அவ்வாறே, நாயும் உருவமும் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பதும் ஸஹீஹான ஹதீதுதான். வாக்களித்தபடி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வராமல் தாமதித்ததும், கட்டிலின் கீழே ஒரு நாய்க்குட்டி இருந்தது பின்னர் தெரிய வந்ததும் நாம் ஓதி அறிந்த சம்பவம். ஆக, அந்தத் தாயார் ஆதாரமில்லாமல் பேசவில்லை.

நன்மை ஏன் குறைகிறது? இதற்கும் நவவி இமாம் சில காரணங்களைத் தொகுத்துள்ளார்கள்: மலக்குகள் வராமை, வழிப்போக்கருக்கு ஏற்படும் துன்பம், வீட்டார் அசந்த நேரத்தில் பாத்திரங்களில் வாய் வைத்து விடுதல். நடுக் காரணத்தைக் கவனியுங்கள். ஸலாம் சொல்லி வரும் விருந்தாளியும், கையேந்தி வரும் ஏழையும் வாசலிலேயே அஞ்சித் திரும்பும்படி ஒரு வீட்டை ஆக்கி வைப்பது குற்றம். பெரிய பெரிய ஊர்களில் இரும்புக் கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை தொங்குகிறதே, அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கீராத் ஹதீதுதான் நினைவுக்கு வரும்.

நிற்க. தடை இருக்கிறது, தடைக்கு விலக்கும் இருக்கிறது. விலக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் இமாம்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். வீட்டையும் தெருவையும் காப்பதற்காக நாய் வைத்திருப்பது ஆகுமா என்பதில் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு சொற்கள் உள. ஹதீதில் வந்த மூன்றும் தேவையை முன்னிட்டே அனுமதிக்கப்பட்டன. அதே தேவை இங்கும் இருப்பதால் ஆகும் என்பதே மிகச் சரியானது என்று நவவி இமாம் கூறுகிறார்கள். அனுமதிக்கப்பட்ட நாய் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள் வருவார்களா? வருவார்கள், தடை எல்லாம் அனுமதியற்ற நாய்க்கே என்பது இமாம் கத்தாபி (ரஹ்) அவர்களின் கருத்து. இல்லை, ஹதீதின் சொல் பொதுவாய் இருப்பதால் எல்லா நாய்க்கும் அது பொருந்தும் என்பது நவவி இமாமின் கருத்து. அறிவில் மலை போன்ற இருவர் இப்படி நிற்கும்போது, பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக் கொண்டே ஒரு சிறுவனுக்குத் தீர்ப்புச் சொன்னவனை என்னென்பது!

ஆனால் பையன் கேட்டது இந்த மஸ்அலாவும் அல்ல. இமாம்கள் பேசுவதெல்லாம் மனிதனுடைய தேவையைப் பற்றி: என் ஆடு, என் பயிர், என் வீடு. இங்கே தேவைப்பட்டு நிற்பது நாய். அதன் தேவை என் மேல் ஏதேனும் கடமையைச் சுமத்துமா என்பதுதான் அந்த 'எங்கே'க்குள் இருந்த கேள்வி.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக் கொண்டிருந்த நாயைக் கண்டு, கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் நிரப்பி, அதை வாயால் கவ்விக் கொண்டு ஏறி வந்து புகட்டிய மனிதரின் ஹதீதை அறியாதவர் நம்மில் இல்லை. அல்லாஹுத் தஆலா அச்செயலை ஏற்று அவருடைய பாவங்களை மன்னித்தான். பனூ இஸ்ராயீல்களில் ஒழுக்கம் கெட்டு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கும் இதே போன்ற செயலால் மன்னிப்புக் கிட்டியது. விலங்குகள் விஷயத்திலும் நமக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டதற்கு, உயிருள்ள ஈரல் ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். மீலாது மேடைகளில் நாம் இதை உருக்கமாய்ச் சொல்லுவோம். ஆயினும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மனிதர் நாயை வீட்டுக்கு அழைத்துப் போனதாக ஹதீதில் இல்லை. தண்ணீர் கொடுத்தார், தம் வழியே போனார். நாயும் தன் வழியே போயிருக்கும். இரக்கம் காட்டுவதற்கு உரிமை கொண்டாட வேண்டியதில்லை. வீட்டுக்குள் வைத்துக் கொஞ்ச வேண்டியதும் இல்லை. "இந்த ஹதீது இருக்கிறதே, ஆகவே நாய் வளர்க்கலாம்" என்று வாதிப்பவர் ஹதீதில் இல்லாததைச் சேர்க்கிறார்.

ஆனால் கிணற்றடி நாய்க்கு நான்கு கால் இருந்தது. அதன் தேவை ஒரு மிடறு தண்ணீரோடு தீர்ந்தது. கணவாய் நாய்க்கு அப்படித் தீராது. நீரில் தத்தளிப்பவனைக் கரை வரை இழுத்து வந்து, முழங்கால் ஆழத்திலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

இங்கேதான் எனக்குக் கிதாபுகளில் ஒளி கிடைத்தது. ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், 'கவாயிதுல் அஹ்காம்' என்னும் நூலில் பிராணிகளுக்கு மனிதன் மேலுள்ள ஹக்குகளை எழுதப் புகுந்தபோது முதலாவதாகச் சொல்வது உணவுச் செலவைத்தான். அந்தப் பிராணி நோயுற்று, முடமாகி, இனி அதனால் எந்தப் பயனும் இல்லை என்ற நிலைக்கு வந்தாலும் அதற்குரிய தீனியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். சுமக்க முடியாததைச் சுமத்தக் கூடாது. தன் இனத்தாலோ பிற இனத்தாலோ முட்டிக் காயப்படுத்தும் பிராணிகளோடு சேர்த்து அடைக்கக் கூடாது. எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய எழுத்து இது. 'பயனற்றுப் போனாலும்' என்ற அந்தச் சொல்லை நான் ஓதுகிற காலத்தில் கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை.

இன்னொரு மஸ்அலாவும் உண்டு. ஹனஃபி மத்ஹபின் 'துர்ருல் முக்தா'ரில், தண்ணீர் கைவசம் இருந்தும் தயம்மும் செய்ய அனுமதிக்கும் காரணங்களை வரிசைப்படுத்தும் இடத்தில் தாகத்தைச் சொல்லி, அது தன் நாயின் தாகமாக இருந்தாலும் சரியே என்று சேர்த்திருக்கிறார்கள். அதாவது ஒளுச் செய்யத் தண்ணீர் இருக்கிறது. நாயும் தாகத்தில் இருக்கிறது. தண்ணீரை நாய்க்கு வைத்துவிட்டு நீ மண்ணைத் தடவித் தொழு என்பது சட்டம். பின்வந்த இமாம்கள் இதை ஆட்டுக்காவல் நாய், வேட்டை நாய் என்று வரையறுத்தார்கள் என்பதையும் அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்து எழுதியிருக்கிறார்கள். வரையறை இருக்கட்டும். எதன் எச்சில் பட்டால் பாத்திரத்தைக் கழுவ வேண்டுமோ, அதன் உயிர்த் தாகத்துக்காகத் தொழுகையின் ஒளு விட்டுக் கொடுக்கிறது! இதை விளங்கிக் கொண்டவன் 'நஜீஸ்' என்ற சொல்லைக் கல்லாக எடுத்து நாய் மேல் வீச மாட்டான்.

நஜீஸ் என்பது என் ஆடைக்கும், என் பாத்திரத்துக்கும், என் தொழும் இடத்துக்கும் உரிய சட்டம். அந்தப் பிராணியின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல. நம் உடம்பில் ஓடும் இரத்தமும் வெளியே வந்தால் நஜீஸ்தான். அதனால் நம்மை நாம் வெறுக்கிறோமா? வேட்டைக்குப் பழக்கிய நாய் கவ்விப் பிடித்ததை உண்ணலாம் என்று ஸூரத்துல் மாயிதாவில் அனுமதி வந்திருக்கிறது. அல்லாஹ் கற்றுத் தந்ததைத்தான் அவற்றுக்கு நீங்கள் கற்பிக்கிறீர்கள் என்ற குறிப்போடு வந்திருக்கிறது. குகைவாசிகளான நல்லடியார்களின் நாய், முன்னங்கால்களை வாசற்படியில் நீட்டிக் கிடந்த கோலத்தோடு கஹ்பு ஸூராவில் இடம் பெற்றிருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் கூறும் கணக்கிலும் ஒவ்வொரு முறையும் நாயையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆனால் அது இருந்த இடம் எது? வாசற்படி. குகைக்குள்ளே அவர்களுடைய மடியில் அன்று. துணையாகவும் இருந்தது, தூரமாகவும் இருந்தது. என் உள்ளத்துக்கு இதுவே வழிகாட்டியாகப் பட்டது.

மறுநாள் பையனுக்காகக் காத்திராமல் நானே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அத்தா வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டார். தாயார் கதவு மறைவிலிருந்து பேசினார். அவர் பிறந்தது கீழக்கரைப் பக்கம், ஷாபிஈ மத்ஹபு. வாக்கப்பட்ட வீடு ஹனஃபி. வீட்டுச் சண்டையில் பாதி அங்கேதான் இருந்தது. "ஹஜ்ரத், இவுக பட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்றாக. எனக்கு ஏழு தடவை, அதிலே ஒரு தடவை மண்ணு போட்டு. இந்த ஊர்த் தண்ணிக்கு நான் எங்கே போறது?" என்றார்.

நியாயமான பேச்சு. தருமபுரி மாவட்டத்தின் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடு பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்தது ஒரு பெருங்கதை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் ஊர்க்கோடி வீடுகளில் குடம் குடமாய்த்தான் கணக்கு. எனவே இரு மத்ஹபுகளையும் அவருக்கு விவரமாகச் சொன்னேன். ஷாபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் கடுமையான நஜீஸ்தான். ஆனால் இரு பக்கமும் உலர்ந்திருக்கும்போது பட்டால் கழுவ வேண்டியதே இல்லை. ஈரம் இருந்தால்தான் ஏழு முறை. ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ், மேல்முடி அப்படியல்ல, நனைந்த நாய் உதறித் தெறித்த நீரும் துணியைக் கெடுக்காது என்பதே ஏற்கப்பட்ட சொல். நாய் வாய் வைத்த பாத்திரத்தை மூன்று முறை கழுவுவது அவசியம், ஏழு முறை கழுவுவது விரும்பத்தக்கது. மாலிக் இமாமிடத்தில் நாயே சுத்தமானது. பாத்திரம் கழுவுவது காரணம் கேளாமல் கட்டுப்படும் வணக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வருவதும் போவதுமாய் இருந்தன, அதற்காக அங்கே தண்ணீர் தெளிப்பதும் இல்லை என்ற இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பையும் சொன்னேன். அதற்கு இமாம்கள் வெவ்வேறு விளக்கம் தருகிறார்கள் என்றும் சொன்னேன். "நீங்கள் உங்கள் மத்ஹபின்படியே இருங்கள் அம்மா. உங்களுக்காக அவர்கள் நாயை வீட்டுக்குள் விட வேண்டாம்" என்று முடித்தேன்.

பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு ஆயிற்று. நாய் வீட்டுக்குள் வராது. ஆட்டுப்பட்டியின் தட்டி ஓரம் அதற்கு இடம். சோற்றுக்குத் தனியாக ஒரு மண்சட்டி. வீட்டுப் பாத்திரம் எதுவும் அதனிடம் போகக் கூடாது. ஆடுகள் உள்ள வீடு என்பதால் ஹதீதிலேயே வந்த கால்நடைக் காவல் என்ற அனுமதிக்குள் அது வந்துவிடுகிறது. மூன்று கால் நாய் என்ன காவல் காக்கும் என்று பையனின் அத்தா சிரித்தார். குரைப்பதற்குக் கால் எதற்கு என்று நான் சொன்னேன்.

ஆடில்லாத, தோட்டமில்லாத, நகரத்து ஒரு வீட்டில் இதே நிலை ஏற்பட்டால்? தேடி அலைந்து, ஒழுங்காகப் பார்த்துக் கொள்ளும் ஒருவர் கையில் ஒப்படைக்கும் வரை அதைக் காப்பாற்றுவது கட்டாயத்தின் பாற்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இதை ஏற்காத ஆலிம்கள் இருப்பார்கள். அவர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் 'எங்கே விடுவது' என்பதற்கு அவர்களும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

நாட்டுச் சட்டமும் வேறொரு பாதையில் இதே இடத்துக்கு வந்திருக்கிறது. டில்லி சுற்றுவட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கும்படி 2025 ஆகஸ்டு 11இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆணையிட்டனர். அதே மாதம் 22இல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினர்: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெறிகொண்டவையும் வெறி ஐயமுள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றனர். விரும்புவோர் நகராட்சியில் விண்ணப்பித்துத் தெருநாயை எடுத்துக் கொள்ளலாம். ஆனால் அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் அந்த ஆணையில் இருக்கிறது. எடுத்தபின் தெருவில் விடாதே என்ற அந்த ஒரு வரியைப் படித்தபோது இஸ்ஸுத்தீன் இமாமின் கிதாபுதான் என் கண் முன் நின்றது. 2025 நவம்பர் 7இல் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி மற்றோர் ஆணையும் வந்தது. அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோரும் மனிதர்கள்தானே.

கடி என்றதும் ஒரு சொந்த விஷயம். நாய்க்கடிக்கு ஓதி ஊதிக் கொள்ள என்னிடம் ஆட்கள் வருவதுண்டு. ஷிபா தருபவன் அல்லாஹ் என்று நான் ஓதுவேன். ஓதுமுன் கேட்கும் கேள்வி, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவினாயா, ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்பதுதான். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு வைத்துக் கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் ஊசி போட்டுக் கொண்டால் தப்பலாம். 1907லேயே நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அரசு மருத்துவமனைகளில் ஊசி போடுகிறார்கள். ஆழமான கடியானால் கடிவாயிலேயே போடும் மருந்து வேறு உண்டு. கடிக்கும் வெறிநாயைக் கொல்ல ஷரீஅத்தில் அனுமதி இருக்கிறது. மதீனாவில் ஒரு சமயம் நாய்களைக் கொல்லும் ஆணை பிறந்ததும், பின்னர் அது நிறுத்தப்பட்டதும், தீங்கு தரும் ஒரு வகை மட்டும் விலக்கப்பட்டதும், நாய்களும் சமுதாயங்களில் ஒரு சமுதாயமே என்று காரணம் கூறப்பட்டதும் ஹதீது நூல்களில் உள்ளன. அந்த நிறுத்தத்தை மறந்துவிட்டு முன்னதை மட்டும் பிடித்துக் கொண்டு, கறித் துண்டில் விஷம் வைக்கிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் அது குற்றம்.

முஸ்லிம் நாடுகளின் வரலாற்றில் இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இஸ்தான்பூல் வீதிகளில் நூற்றாண்டுக் கணக்கில் நாய்கள் மக்களோடு மக்களாய் வாழ்ந்தன. கசாப்புக் கடைக்காரரும் ரொட்டிக்காரரும் அவற்றுக்கு ஊட்டினார்கள். 1910இல், நகரத்தை ஐரோப்பிய மாதிரியில் திருத்தப் போகிறோம் என்று புறப்பட்ட ஆட்சியாளர்கள், பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மராக் கடலில் நீரற்ற ஒரு பாறைத் தீவில் கொண்டு போய் இறக்கினார்கள். பசியிலும் தாகத்திலும் அவை ஓலமிட்டது கரை வரை கேட்டதாகச் சொல்வார்கள். நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் ஹதீதைத் தினமும் ஓதிய ஊரில் நடந்தது இது. மார்க்கம் சொல்லி நடந்ததல்ல. நாகரிகம் சொல்லி நடந்தது.

நம் மண்ணிலோ, நாய்க்கு நன்றி சொல்லும் கல்லே இருக்கிறது. நமது அரூருக்கு அடுத்த செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டினது, ஏறத்தாழ நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலத்தை ஒட்டியது. மாடு மீட்கும் சண்டையில் விழுந்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து அவனருகே காத்து நின்ற அவன் நாயின் உருவமும் அதில் உண்டு. கோவிவன் என்ற அதன் பெயரும் பொறித்திருக்கிறது. கல் நட்டு வணங்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் ஆடுமாடு வைத்துப் பிழைக்கும் இந்தத் தகடூர்ச் சீமையில் ஒரு நாயின் விலை என்ன என்பதை அந்தக் கல் சொல்கிறது.

விலை என்றதும் இதையும் சொல்லி விடுகிறேன். நாயின் விலைப் பணத்தை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஷாபிஈ மத்ஹபில் நாயை விற்பதே செல்லாது. ஹனஃபி மத்ஹபில் பயனுள்ள நாயை விற்க அனுமதி உண்டு. பெருமைக்காக ஆயிரக் கணக்கில் கொடுத்துச் சாதி நாய் வாங்கிக் காரில் ஏற்றித் திரியும் நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கணவாயில் கிடந்ததைச் சாக்கில் சுற்றி வந்தவனிடம் யாரும் விலை கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு நிக்காஹுக்குப் போனவன் அவர்கள் வீட்டை எட்டிப் பார்த்தேன். முதல் பத்து நாள் அது பட்ட பாட்டைப் பையன் சொன்னான். சுவரில் முதுகை ஒட்டிக் கொண்டே கிடக்குமாம். யாராவது பார்த்துக் கொண்டிருந்தால் களியில் வாய் வைக்காதாம். இரவில் எல்லோரும் அடங்கிய பிறகு சட்டி காலியாகிவிடுமாம். ஆடு மேய்க்கும் கோலைக் கையில் எடுத்தால் நடுங்கும். தொலைவில் லாரி ஹார்ன் கேட்டால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். ஆடுகளும் அதைக் கண்டு பட்டியின் மறு மூலைக்கு ஒதுங்கின. அவன் அதைக் கூப்பிடவும் இல்லை, தொடவும் இல்லை. சட்டியை வைத்துவிட்டு முதுகைக் காட்டிக் கொண்டு உட்கார்ந்து பாடம் படிப்பானாம். இந்த வித்தையை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "நான் புது மதரஸாவுல சேந்தப்போ என்னை யாரும் பாக்காம இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு ஹஜ்ரத்" என்றான். மூன்றாவது வாரம் அது தானாக வந்து அவன் பக்கத்தில் படுத்ததாம்.

ஃபஜ்ரு பாங்கு ஒலிபெருக்கியில் எழும்போது அது தலையை உயர்த்தி ஊளையிடுகிறது என்று அண்டை வீட்டார் ஒருவர் முறையிட்டார். ஷைத்தானைப் பார்க்கிறது, விரட்டுங்கள் என்றார். இரவில் நாய் குரைக்கவும் கழுதை கத்தவும் கேட்டால் அவை நாம் காணாததைக் காண்கின்றன, அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுங்கள் என்றுதான் ஹதீதில் இருக்கிறது; நாயை அடியுங்கள் என்று இல்லை. நீண்டு ஒலிக்கும் குரலுக்குத் தன் கூட்டத்தார் அழைப்பதாக எண்ணி எதிர்க்குரல் கொடுப்பது நாயின் இயல்பு. அவரிடம் அஊது ஓதிக் கொள்ளச் சொன்னேன்.

நான் வாசலை நெருங்கியபோது தட்டி ஓரத்திலிருந்து அது எழுந்து, ஒற்றைக் காலைத் தூக்கிக் கொண்டு, என்னைப் பார்த்துப் பலமாகக் குரைத்தது. வீட்டார் ஓடி வந்தார்கள். என்னிடம் வருத்தம் தெரிவிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வந்த நாளிலிருந்து அதன் குரலையே அவர்கள் பாங்கு நேரம் தவிரக் கேட்டதில்லையாம். அந்நியன் என்று ஒருவனைப் பார்த்து அது குரைத்தது அன்றுதான் முதல் தடவை. அந்த அந்நியன் நானாக வாய்த்தேன்.

தாயார் இப்போதும் அதைத் தொடுவதில்லை. ஒளுச் செய்த தண்ணீர்ச் செம்போடு அவர் வாசலைக் கடக்கும்போது, அது எழுந்து இரண்டு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. அவர் போன பிறகு திரும்பி வந்து படுத்துக் கொள்கிறது. இதை யாரும் அதற்குப் பழக்கவில்லை என்று பையன் சொன்னான். புறப்படும்போது பார்த்தேன். சட்டியில் களியோடு இரண்டு கறி எலும்பும் கிடந்தன. "யார் போட்டது?" என்றேன். பையன் கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினான். "நிக்காஹ் வீட்டுச் சாப்பாடு, வீணாப் போகக் கூடாதுல்ல ஹஜ்ரத்" என்று கதவு மறைவிலிருந்து குரல் வந்தது.